அண்ணியின் பூட்டும் கொழுந்தனின் கம்ப்யூட்டரும்

மார்ச் மாதம் பதினான்காம் தேதி, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, மழைமானி நிலையங்களைப் பராமரிக்கும் அலுவலகத்தின் ஜீப்புகள் இரண்டும் குன்றின் அடியில் நிறுத்தப்பட்டன. இரண்டு நாள் மழையில் பாதை முழுவதும் சேறு. உச்சியிலுள்ள நிலையத்தில் மழைமானிக்கான தன் பேட்டரியை முதலில் கொண்டுபோய் இறக்கும் ஜீப் அலுவலகத்தில் தங்கும், மற்றது விற்கப்படும். இது பொறியாளரின் ஆணை. அவர் முன்னதாகவே நடந்து ஏறி, மேலே குடையுடன் காத்திருந்தார்.

பழைய ஜீப்பைப் பதினோரு ஆண்டுகளாக ஓட்டியவளை அலுவலகமே அண்ணி என்று அழைத்தது. உறவுமுறைப்படி அவள் அண்ணியானது ஒருவனுக்குத்தான்: கணவனின் தம்பியும் புதிய ஜீப்பின் ஓட்டுநருமான கொழுந்தனுக்கு. தோற்றால் அவள் பதிவறைக்குப் போய், தும்மலுக்கும் கொட்டாவிக்கும் நடுவே வேலை பார்க்கும் எழுத்தருக்கு எதிரே உட்கார வேண்டும். நினைத்தபோதே அவளுக்கு முதுகு வலித்தது.

"உங்க கிழட்டு ஜீப்புக்கு இன்னிக்கு வழியனுப்பு விழா, அண்ணி," என்றான் கொழுந்தன். "என்னோடதுல டிராக்ஷன் கண்ட்ரோல். எந்தச் சக்கரம் சும்மா சுத்துதோ அதுக்கு மட்டும் கம்ப்யூட்டரே பிரேக் போட்டு, பிடிமானம் இருக்கிற சக்கரத்துக்கு இழுவைய அனுப்பிடும்."

"வழுக்கின பிறகுதானே தம்பி அதுக்குப் புத்தி வரும்? என்னோடதுல டிஃபரன்ஷியல் லாக். முன்கூட்டியே பட்டனை அமுக்கினா, பின்சக்கரம் ரெண்டும் கட்டிப்போட்ட மாதிரி ஒண்ணாத்தான் சுத்தும். ஒண்ணு அந்தரத்துல தொங்கினாலும் இன்னொண்ணு இழுக்கும்."

"கட்டிப்போட்டா வளைவுல எப்படித் திரும்பும்?"

"அது என் கவலை. நீ உன் கம்ப்யூட்டருக்குச் சளி பிடிக்காம பாத்துக்க."

கொழுந்தன் முதலில் புறப்பட்டான். சேற்றில் ஒரு சக்கரம் சுழன்றவுடன் கம்ப்யூட்டர் தன் கடமையைச் செய்தது. அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. பள்ளத்தில் இறங்கினால்கூட வண்டியிடம் மன்னிப்புக் கேட்பவன் அவன். ஏதோ உடைகிறது என்று பதறி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். ஜீப் ஓரடி பின்னால் வழுக்கியது. மீண்டும் அழுத்தினான், மீண்டும் கடகட, மீண்டும் காலை எடுத்தான். இப்படியே ஏழு முறை.

அண்ணி லாக்கைப் போட்டாள். அவனைக் கடக்கும்போது கையசைத்தாள். பழைய ஜீப் மூச்சு வாங்கியபடி நேராக ஏறி உச்சியை அடைந்தது.

அங்கேதான் வெற்றி அவள் தலைக்கேறியது. லாக்கை எடுக்க மறந்து சிமென்ட் தளத்தில் நுழைந்து, கொட்டகைப் பக்கம் ஸ்டியரிங்கை வளைத்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஜீப் நேராகவே போனது. மழைமானியைச் சாய்த்துவிட்டு நின்றது.

பொறியாளர் குடையைச் சற்று உயர்த்திப் பார்த்தார். "பேட்டரி வந்துடுச்சு. இனி அதை எதுலம்மா மாட்டுறது?"

அண்ணி ஜீப்பை விட்டு இறங்கினாள். குன்றிறங்கிச் சென்று, வழுக்கிக் கிடந்த புதிய ஜீப்பின் கதவைத் திறந்தாள்.

"நகரு தம்பி."

"உடைஞ்சிடும் அண்ணி, சத்தம் கேக்குது."

"அது வேலை செய்யுற சத்தம். வேலையே செய்யாதவனுக்கு அது புதுசாத்தான் இருக்கும்."

கடகட என்றபோதும் அவள் காலை எடுக்கவில்லை. ஒரே சீராக அழுத்தினாள். பழையதைவிட மெதுவாகத்தான், ஆனாலும் ஜீப் ஏறியது. உச்சியில் சொன்ன பக்கம் சொன்னபடி திரும்பி, கொட்டகை வாசலில் நின்றது. அது அவளுக்குப் பிடிக்கத்தான் செய்தது; கொழுந்தனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு முடிவு எழுத்தில் வந்தது. முதலில் வந்தும் மழைமானியைச் சாய்த்ததால் பழைய ஜீப் விற்கப்படும். புதியது தங்கும், அதை அண்ணி ஓட்டுவாள். கொழுந்தன் திங்கட்கிழமை முதல் பதிவறையில் எழுத்தருக்கு எதிரே அமர்வான். சாய்ந்த மழைமானியை இருவரும் சேர்ந்து நிமிர்த்த வேண்டும்.