ஜுமானாவிடம் கேட்ட நாள்

"பேசாம இருக்கா பாருங்க, அதுதான் சம்மதம். எழுதுங்க காஜி!" என்றார் அபூ சாலிம்.

நிக்காஹ் எழுத வந்த காஜியும் பேனாவைத் திறந்துவிட்டார். கன்னிப்பெண் வாய் திறக்காவிட்டால் அவளுக்குச் சம்மதம் என்று அர்த்தம். ஸல்த் நகரத்தில் இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் மணப்பெண் ஜுமானாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காஜியோ தரைவிரிப்பைப் பார்த்தபடி, தாடிக்குள்ளேயே கேள்வியைக் கேட்டு முடித்திருந்தார்.

ஜுமானா எழுந்து நின்றாள். அவள் கைகள் மளமளவென்று பேசின.

பெண்கள் கூடியிருந்த அந்த அறையில் சத்தம் அடங்கியது. வெளியாட்கள் முன்னால் ஜுமானா கையை ஆட்டிப் பேசக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். யாராவது வந்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். தகப்பன் போனபின் வீட்டுக்குப் பொறுப்பான பெரியப்பா அபூ சாலிம்தான் அந்தச் சட்டத்தைப் போட்டார். ஊமைச்சி வீடு என்று பெயர் விழுந்துவிடுமாம். அவர் மானம் அவளுடைய பத்து விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றா இவ?" என்று பெரியப்பா ஜுமானாவின் அக்கா நிஸ்ரீனிடம் சீறினார்.

நிஸ்ரீனுக்குக் காதும் உண்டு, வாயும் உண்டு. தங்கையின் கைப்பேச்சைச் சிறுவயதில் விளையாட்டாகப் பிடித்துக்கொண்டவள், பிறகு காது கேளாதோர் சங்கத்து வியாழக்கிழமை வகுப்பில் முறையாகவும் கற்றாள். ஆனால் எடுத்துச் சொல்லும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்த்துவிடுவாள். 'இந்த மாமி எப்ப எழுந்து போவா?' என்று ஜுமானா கேட்டால், "இன்னும் ஒரு காபி குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்றா" என்பாள். மாமியும் உட்கார்ந்துவிடுவாள். அக்காவும் தங்கையும் அடுக்களைக்கு ஓடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இன்றைக்கும் சர்க்கரை சேர்த்திருக்கலாம். தங்கையின் முகத்தைப் பார்த்தாள், மனம் வரவில்லை.

"அவளை இன்னும் யாரும் கேட்கலையாம், பெரியப்பா."

"இப்பத்தானே கேட்டாரு! அறை முழுக்கக் கேட்டுச்சே!"

"அறைக்கா கல்யாணம்?"

சொன்ன பிறகுதான் நிஸ்ரீன் முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே மாப்பிள்ளை வீட்டார் காபியைத் தொடாமல் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஸுஹைல் மின்சார வேலை பார்ப்பவன். சங்கத்தில் விளக்கு மாட்ட வந்தவன், விளக்கு எரிந்த பிறகும் போகவில்லை. வியாழன் தவறாமல் வகுப்பில் உட்கார்ந்து, தப்பும் தவறுமாகக் கையை ஆட்டி, ஒருநாள் ஜுமானாவிடம் "உன் கழுதையைக் கட்டிக்கலாமா?" என்று கேட்டுத் தொலைத்தான். அவள் சிரித்த சிரிப்பில்தான் இந்தக் கல்யாணமே பிறந்தது. இப்போது அது உடைந்தால் இன்னொரு ஸுஹைலுக்கு எங்கே போவது?

"நான் பொறுப்பாளன், நான் சம்மதம்னு சொல்றேன். இல்லேன்னா அவங்க கொண்டுவந்த இனிப்பை அவங்களே எடுத்துட்டுப் போகட்டும்!" என்று பெரியப்பா குதித்தார்.

"பொறுங்க, பொறுங்க" என்றார் காஜி. நல்ல பருமனான மனிதர். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "பொண்ணு சும்மா தலையை ஆட்டினா போதும்மா."

நிஸ்ரீன் கையால் சொன்னாள். பதில் உடனே வந்தது. "தலையாட்டி பொம்மை வேணும்னா கடையில வாங்கிக்கச் சொல்றா."

மூலையில் ஒரு அத்தை களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, நீயே உன் கையால கேளேன்" என்றார் காஜி நிஸ்ரீனிடம்.

"கேட்க வேண்டியவர்தான் கேட்கணுமாம். இந்த வீட்டுல இத்தனை வருஷம் கையை ஒளிச்சு வெச்சேன், இன்னிக்கு ஒரு நாளாவது என் பாஷையில என்கிட்ட பேசட்டும்கிறா."

காஜி தாடியைச் சொறிந்தார். பேனாவை மூடினார். "கத்துக்கொடும்மா. ஆனா சுருக்கமா."

ஜுமானா பள்ளி ஆசிரியை போல முன்னால் வந்து நின்றாள். மோதிர விரலைத் தொட்டால் கல்யாணம். விரல் நீட்டிக் காட்டினால் அந்த ஆள். கேள்வி என்றால் புருவம் மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது கேள்வியில்லை, அறிவிப்பு. காஜி மிகுந்த கவனத்தோடு அவளைக் காட்டினார், மோதிர விரலைத் தொட்டார், பழக்க தோஷத்தில் கையைத் தன் நெஞ்சில் வைத்தார். புருவம் அசையவே இல்லை.

நிஸ்ரீனுக்குப் புரை ஏறியது. "காஜி... 'நீ என்னைக் கட்டிக்கப் போறே'ன்னு அவகிட்ட அறிவிச்சிட்டீங்க!"

அறை வெடித்தது. அத்தைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஜுமானா காஜியின் வயிற்றை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். "முதல்ல உங்க வீட்டம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டு வரச் சொல்றா!" காஜியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெரியப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னறை வாசலில் போய் நின்றுகொண்டார்.

அடுத்ததாக, பதில். வலது முட்டியை இடது உள்ளங்கையில் தட்டினால் சம்மதம். காஜி, "போதும், இதுதானே வேணும்?" என்று எழப் பார்த்தார். ஜுமானா விடவில்லை.

"சம்மதமில்லைன்னு சொல்றதையும் கத்துக்கணுமாம். அது தெரியாம கேட்டா அது கேள்வியே இல்லையாம்."

நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, மெல்லத் திருப்பி வெளியே விரித்தாள். காஜி செய்தார். அம்மா செய்தாள். அத்தைகள் எல்லாரும் கூத்தும் கும்மாளமுமாகச் செய்து பார்த்தார்கள். தொண்டை கட்டாத பேச்சு அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

காஜி எழுந்து நின்று, முன்னறைப் பக்கம் விரல் நீட்டி, மோதிர விரலைத் தொட்டு, இரண்டு புருவத்தையும் தலைப்பாகைக்குள் போகும் அளவுக்கு ஏற்றினார்.

ஜுமானா கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் நடித்தாள். நிஸ்ரீனுக்கு உயிர் போய் வந்தது. பிறகு முட்டி உள்ளங்கையில் விழுந்தது. ஒருமுறை அல்ல, ஓயாமல். குலவை எழுந்தது. முன்னறையிலிருந்து ஸுஹைல் எட்டிப் பார்த்து, இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களைப் படபடவென்று ஆட்டினான். காது கேளாதோரின் கைதட்டல் அது. காஜி எழுதினார்.

பெரியப்பாவுக்கு ஆறவில்லை. வாசலிலிருந்தே கத்தினார். "பேசத் தெரிஞ்ச பொண்ணுங்களையே இந்த வீட்டுல நாம இப்படிக் கேட்டதில்லை! நிஸ்ரீனைக் கேட்டோமா? இவ அம்மாவைத்தான் கேட்டாங்களா?"

சிரிப்பு நின்றது. ஜுமானா அக்காவின் தோளைத் தட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நிஸ்ரீன் ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். அவளுடைய நிக்காஹ் நடந்தபோது அவள் அடுக்களையில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜுமானா புருவத்தை உயர்த்தினாள். 'அன்னைக்கு உன்னைக் கேட்டிருந்தா?'

நிஸ்ரீன் நெஞ்சில் கையை வைத்தாள். மெல்லத் திருப்பி வெளியே விரித்தாள்.

அந்த அறையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் இப்போது அது புரியும். அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் நெஞ்சில் கையை வைத்து, திருப்பி, விரித்தாள். மூலையில் களுக்கென்று சிரித்த அத்தை செய்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் செய்தாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் அறை முழுக்கக் கைகள் விரிந்தன.

விரியும் கைகளைத் திரும்பிப் பார்த்ததும் அபூ சாலிமின் கோபம் தணிந்தது. "பாருங்க காஜி," என்றார் பெருமையாக, "நம்ம வீட்டுப் பொண்ணுங்க எவ்வளவு அழகா வாழ்த்துறாங்க!"