எதிர்க்கட்சிச் சக்கர நாற்காலி

வீடு வீடாகப் போய் நடக்க முடியாதவர்களைக் கவனிப்பது என் வேலை. அவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற வாத்தியாரைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அவர் கட்சியும் என் கட்சியும் மல்லுக்கு நிற்கும்.

தேர்தலன்று சவரம் செய்யாமல் கிளம்பமாட்டேன் என்று அடம்பிடித்தார். சவரம் முடித்துக் கிளம்பியபோது வாக்குச்சாவடி மூடப் பத்தே நிமிடம்.

"என் ஓட்டு உங்க கட்சிக்கு எதிரா விழும்னுதானே மெதுவா தள்ளுறே?" என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சக்கர நாற்காலியோடு தலைதெறிக்க ஓடினேன். "வழி விடுங்க!" என்று அவர் கூவ, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியபடி, கதவைச் சாத்துமுன் உள்ளே பாய்ந்தோம்.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர், "நீ எப்பம்மா போட்டே?" என்றார்.

என் சாவடி ஊரின் அந்தக் கோடியில். அதையும் இந்நேரம் மூடியிருப்பார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அடிப்பாவி! நாப்பது வருஷமா கட்சியில இருக்கேன். உன்ன மாதிரி ஒரு தொண்டர எங்க தலைவரே பாத்திருக்க மாட்டாரு!"