சாவு போன பாதை

மாடுகள் முற்றத்துக்குள் பாய்ந்ததில் இரண்டு நாற்காலிகள் நொறுங்கின. பின்னாலேயே ஈட்டியும் தடியுமாக எங்கள் ஆண்கள். எங்கள் லுவோ இனத்தில் முதிர்ந்த ஆண் இறந்தால், மாடுகளை ஓட்டிக்கொண்டு எல்லைவரை போய், சாவோடு சண்டையிட்டு விரட்டிவிட்டு வரவேண்டும். கிழக்கே, மலைப் பக்கமாக விரட்டியிருந்தார்கள். புதர்களைக் குத்திக் குத்திச் சித்தப்பா ஒடுண்டோவின் கையெல்லாம் ரத்தம். நான் அப்பாவின் சவப்பெட்டியருகே ஜெபப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா, இன்ஜினியர் ஒலுவோச். எண்பத்தாறு வயது. மலைக் கிராமங்களுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டவர். அரசாங்கம் கொடுத்த ஜீப்பில் பிரசவத்துக்குப் போகும் பெண்கள்தான் ஏறினார்கள். அவர் நடந்தார். குழாய்மேல் கம்பியை ஊன்றி மறுமுனையில் காதை வைப்பார். "கசிவு மண்ணுக்குள்ள அழும்டி. நடக்கிறவனுக்குத்தான் கேக்கும்" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் நடை நிற்கவில்லை. எழுபதாவது வயதில், தேர்தல் கலவரத்தின் நடுவில், "மேல தண்ணி நின்னுபோச்சாம், வால்வு அடைச்சிருக்கும்" என்று கிளம்பினார். வழிமறித்த மலைக்கார ஆட்கள் பெயரைக் கேட்டார்கள். லுவோ பெயர்; அவர்களுக்கு எதிரி இனம். கீழே தள்ளி, கல்லால் வலது முழங்காலை நொறுக்கினார்கள்.

மறுநாள் எங்கள் ஆட்கள், சித்தப்பாதான் முன்னால், சந்தையில் பால் விற்ற மலைக்காரர் ஒருவரின் வீட்டைக் கொளுத்தினார்கள். கட்டிலில் கிடந்த அப்பா ஜன்னலில் புகையைப் பார்த்தார். "என் கால் பேரச் சொல்லியா?" என்று மட்டும் கேட்டார். ஒரு வருஷம் கழித்து, கோல் ஊன்றி, மறுபடி மலைக்கு நடந்தார். அங்கே என்ன நடந்தது என்று எங்களிடம் சொன்னதே இல்லை.

இப்போது அதே கிழக்குப் பாதையில் ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் சுரைக்குடுவை.

"இப்பத்தான விரட்டினோம். அதுக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டுத் திரும்பி வருது பாரு!" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை.

வந்தவர் நேராக என்னிடம் வந்தார். "நீங்கதான் மக அதியம்போவா? நான் கிபிவோட். அந்தக் கல்லப் போட்டது நாந்தான் அக்கா."

"மெதுவாப் பேசுங்க. இவங்க கையில இருக்கிறதப் பாத்தீங்களா? வந்த வழியே போயிடுங்க."

"போயிருவேன். பெட்டிக்கு முன்னால ஒரு தடவ சொல்லிட்டு. அடுத்த வருஷம் கோலோட வந்தாரு. எங்க வாசல்ல கசியுதுன்னாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியும். கடப்பாரைய எங்கையில குடுத்துட்டு, எனக்கு முதுகக் காட்டிக் குனிஞ்சு மண்ணுல காத வச்சாரு. 'இங்க குத்து'ன்னாரு." குடுவையை இறுக்கிப் பிடித்தார். "ஒரே போடு போட்டிருக்கலாம்ல அக்கா? அந்த முதுகு இன்னும் என்னத் தூங்க விடல."

நான் தடுப்பதற்குள் பெட்டிக்கு முன்னால் நின்று உரக்கச் சொல்லிவிட்டார். சித்தப்பா ஈட்டிக் கட்டையால் அவர் வாயில் அடித்தார். மண்டியிட்டு விழுந்தவரின் மீது நாலைந்து தடிகள் இறங்கின. ஒரு பல் என் காலடியில் வந்து விழுந்தது. அவர் கையைக்கூட உயர்த்தவில்லை. குடுவையை மட்டும் நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"சித்தப்பா!"

ஈட்டிமுனை கிபிவோட்டின் கழுத்தில் பதிந்து நின்றது. "தள்ளிப் போ அதியம்போ. உங்கப்பன் காலுடி அது!"

கர்த்தரே என்றேன், ஜெபப் புத்தகத்தைக் கீழே வைத்தேன். குனிந்து கிபிவோட்டின் கையிலிருந்து குடுவையை வாங்கி, மூடியைத் திறந்து குடித்தேன். கரி வாசனையோடு மலைக்காரர்களின் புளித்த பால். சாவு வீட்டில் மகள் வாங்கிக் குடித்துவிட்டால், கொண்டுவந்தவர் விருந்தாளி; அவர்மேல் கை வைக்கக் கூடாது. சித்தப்பாவுக்கும் அது தெரியும்.

சித்தப்பாவிடம் குடுவையை நீட்டினேன். ஈட்டி நகரவில்லை. அதன் நுனியில் ஒரு ரத்தத்துளி திரண்டு, கிபிவோட்டின் கழுத்து வழியே மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நீட்டிய கையை நான் இறக்கவில்லை. பால் விளிம்பில் தளும்பியது.