எல்லாமே வலது கால்

1.

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பூர்ணிமா டீச்சர், ஈரத்துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டே சொன்னது. பாதித் தண்ணீர் என் மேல் தெறித்தது, பாதிக் கதை காற்றில் போனது. போன பாதியை நான் போட்டு நிரப்பியிருக்கிறேன். எது எந்தப் பாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "ஆம்பூரின் காலை வானம் தோல் நிறத்தில்—"

வானம் எதற்கு? கதை வகுப்பறைக்குள் நடக்கிறது. அடித்துவிட்டு மறுபடி: "பிரியாணி மணக்கும் அந்த ஊரில்—"

"பிரியாணி இல்லாம எங்க ஸ்கூல் ஊரப் பத்தி எழுதவே மாட்டீங்களா சார்?" என்றாள் பூர்ணிமா. எழுதலாம். இந்த வரியோடு பிரியாணி தீர்ந்தது.

(நேரில் அவளை நான் "வாங்க டீச்சர்" என்றுதான் கூப்பிடுவேன். கதைக்குள் வந்ததும் "அவள்" ஆகிவிட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை.)

2.

பூர்ணிமா தினமும் பஸ் ஏறி ஆம்பூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளிக்குப் போய் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள். திங்கட்கிழமை புதுப் பாடம். நடுவில் பாட்டு, படம், கொஞ்சம் திட்டு. வெள்ளிக்கிழமை மதியம் செயல்பாடு, அதாவது அந்த வாரம் படித்ததைக் கையால் செய்து பார்ப்பது. பெஞ்சுகள் சுவரோரம் போய்விடும், பிள்ளைகள் தரையில் ஜோடி ஜோடியாக உட்காருவார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் சத்தம் தாங்காமல் ஜன்னலைப் படாரென்று சாத்துவார்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். வகுப்பில் இருபத்தொரு பிள்ளைகள். எப்படிப் பிரித்தாலும் ஒருவர் மிச்சம்.

அந்த மிச்சம் அலீனா. பேரணாம்பட்டிலிருந்து வருஷ நடுவில் வந்து சேர்ந்தவள். அவள் வருவதற்கு முன்பே மற்ற எல்லா ஜோடியும் கெட்டியாகிவிட்டிருந்தது.

(முறை வைத்து மாற்றிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். நானும் கேட்டேன். மாற்றினாளாம். நித்யஸ்ரீயைத் தனியாக உட்காரவைத்த வாரம் அவள் அழுத அழுகையில் அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தானியேல் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அலீனா அழவும் இல்லை, ஒளியவும் இல்லை. அதனாலேயே வாராவாரம் அவள் தலையில் விழுந்தது. மூன்று பேராக உட்காரச் சொன்னதற்கு அவளே மறுத்துவிட்டாள்: "மூணு பேருன்னா அவங்க ரெண்டு பேரும் பேசிக்குவாங்க மிஸ். நான் கோந்து டப்பாவ புடிச்சுக்குனு இருக்கணும்.")

ஆக, வெள்ளிக்கிழமைதோறும் அலீனாவுக்கு மிஸ்தான் ஜோடி. மிஸ்ஸோ உட்கார்ந்த இடத்தில் ஒரு நிமிஷம் இருக்க மாட்டாள். யாராவது யார் மூக்கிலாவது பென்சிலைச் சொருகியிருப்பார்கள்.

3.

அந்தத் திங்கட்கிழமைப் பாடம் ஒற்றை எண், இரட்டை எண். பாடம் முடிந்ததும் அலீனா மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்த வெள்ளிக்கிழமையாச்சும் எனக்கு ஜோடி உண்டா மிஸ்?"

"உண்டு."

"மிஸ் இல்லாத ஜோடி?"

"ஆமாண்டி."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ். போய் உக்காரு."

பெரியவர்களுக்குக் கொடுத்த வாக்கு என்றால் மறந்துபோச்சு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். எட்டு வயசுக்காரியிடம் அது நடக்காது. பூர்ணிமா பஸ்ஸில் வீடு வரும் வரை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

நடுவில் ஷூக்களைக் குவித்துவைப்பது. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுப்பது. அதே மாதிரி ஷூ யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஜோடி. பழைய கூட்டணி எல்லாம் கலைந்துவிடும். இருபத்திரண்டாவது ஷூவை டீச்சரே எடுத்துக்கொள்வாள். டீச்சரிடம் மாட்டுவது யார் என்பது ஷூ கொடுத்த தீர்ப்பு, எந்த அம்மாவும் சண்டைக்கு வர முடியாது. (அலீனா எடுக்கும் ஷூவின் ஜோடி டீச்சர் கைக்கு வராமல் பார்த்துக்கொள்ள ஒரு சின்னத் திருட்டுத்தனமும் இருந்தது. எழுதாதீங்க சார் என்றாள். எழுதிவிட்டேன்.)

பெற்றோர் வாட்ஸப் குழுவில் குரல் செய்தி போட்டாள்: "ஃப்ரைடே ஆக்டிவிட்டிக்கு இருபத்திரண்டு ஷூ வேணும். பழசா இருந்தாலும் பரவால்ல."

உடனே பதில் போட்டது முனவ்வர் பேகம், அலீனாவின் அம்மா. ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில்* வேலை. "நான் கொண்டு வர்றேன் மிஸ்."

அலீனாவைப் பிடிக்க முடியவில்லை. "எங்கம்மிதான் ஷூ குடுக்குறாங்க" என்று வாரம் முழுக்க எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தாள்.

* புது மாடல் ஷூவை வெளிநாட்டு வியாபாரிக்கு (அவர்கள் பேச்சில் 'பையர்') காட்டுவதற்காக முதலில் தைத்துப் பார்க்கும் இடம். பூர்ணிமாவுக்கு இது தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

4.

வெள்ளிக்கிழமை காலை முனவ்வர் பேகம் ஒரு கோணிப்பையோடு வந்து இறங்கினார்.

"பழைய சாம்பிளு மிஸ். சூப்பர்வைசர் கிட்ட கேட்டு வாங்கினேன். எண்ணிப் பாத்துக்குங்க, கரெக்டா இருக்கும்."

பூர்ணிமா பையைக் கவிழ்த்தாள். சிவப்பு, பழுப்பு, பெல்ட் வைத்தது, குதிகால் உயர்ந்தது. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. எல்லாமே வலது கால்.

"இன்னாம்மா இது? இன்னொரு கால் எங்க?"

"இன்னொரு காலா? சாம்பிள்னா ஒத்தக் கால்தான் மிஸ். பையர் பாக்கறதுக்கு ஒன்னு போதாதா? ரெண்டும் தச்சா தோலு ஜாஸ்தி ஆவும்ல?"

"ஷூன்னா ஜோடிதானேம்மா..."

"நீங்க இருவத்திரண்டு ஷூன்னுதான் சொன்னீங்க. ஜோடின்னு சொல்லியிருந்தா நான் ஒத்துக்கினே இருக்க மாட்டேன். எங்க ரூம்ல ஏது ஜோடி?"

யார் மேலும் தப்பில்லை. ஷூவைக் காலில் மட்டும் பார்த்தவள் ஒருத்தி, மேஜை மேல் மட்டும் பார்த்தவள் இன்னொருத்தி. முனவ்வர் பேகத்துக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"பேஜாராப் போச்சே மிஸ். புள்ள எல்லார் கிட்டயும் சொல்லி வச்சிருக்கு. கிண்டல் பண்ணிடப் போறாங்க."

5.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். வாக்கும் போச்சு, அலீனாவின் மானமும் போகப்போகிறது. என்ன செய்வது?

"பூர்ணிமா ஒரு ஷூவைக் கையில் தூக்கிப் பிடித்தாள். 'செல்லங்களா, ஒற்றையாக இருப்பதும் ஓர் அழகுதான்—'"

சீச்சீ. தனியாக உட்கார்ந்து பார்க்காதவர்கள் சொல்லும் பேச்சு அது. அடித்துவிட்டேன்.

"அப்போது வாசலில் ஹம்மாத் என்றொரு புது மாணவன், தோளில் பையோடு—"

கணக்கு நேராகிவிட்டது! எனக்கு ஒரே சந்தோஷம். பூர்ணிமா படித்துவிட்டுச் சிரித்தாள். "பரீட்சை நேரத்துல எந்த ஸ்கூல்ல சார் அட்மிஷன் போடுவாங்க?" ஹம்மாத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பாவம், புதுப் பையோடு வந்தவன்.

வாசகரே, உங்களையே உள்ளே இழுத்து அலீனாவுக்கு ஜோடியாக உட்காரவைக்கலாமா என்றும் பார்த்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அது நன்றாக எடுபடும். ஆனால் தரையில் சம்மணம் போட்டால் உங்களால் கைபிடிக்காமல் எழுந்திருக்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள். ஆகவே அதுவும் இல்லை. நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

6.

வேறு வழி தெரியாமல் பூர்ணிமா ஷூக்களைக் குவித்தாள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்கள். அப்புறம் வகுப்பு முழுக்க ஒரே கூச்சல்.

"மிஸ், எனக்கு ஜோடியே இல்ல!"

"எனக்கும் இல்ல!"

தானியேல்தான் கண்டுபிடித்தான். "எல்லாம் சோத்தாங்காலுடா! அலீனா அம்மி நம்பள ஏமாத்திட்டாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எந்த வெள்ளிக்கிழமையும் அழாத அலீனாவின் உதடு துடித்தது. எல்லோரையும் விளையாட அனுப்பிவிடலாம் என்று பூர்ணிமா வாயைத் திறந்தாள்.

"ஏமாத்தல!" அலீனா எழுந்து நின்றாள். "சாம்பிள்னா ஒன்னுதான். பீச்சாங்கால் வேணும்னா திருப்பிப் போட்டுக்கணும்!"

"ஷூவ திருப்பினா அடிதானடி தெரியும்" என்றாள் நித்யஸ்ரீ.

அலீனா தரையில் உட்கார்ந்தாள். செயல்பாட்டுக்கு வைத்திருந்த செய்தித்தாளில் ஒன்றை விரித்து, தன் சிவப்பு ஷூவை அதன் மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைய ஆரம்பித்தாள். குதிகால் உயர்ந்த ஷூ, ஆடியது.

"யாராச்சும் அழுத்திப் புடிங்க."

பூர்ணிமா குனியப் போனாள். குனியாமல் நின்றுவிட்டாள். (இதைச் சொல்லும்போது துணி உதறுவதை நிறுத்திவிட்டாள். குனியாமல் நிற்பது அவ்வளவு கஷ்டமாக இருந்ததாம்.)

நித்யஸ்ரீ முணுமுணுத்துக்கொண்டே வந்து ஷூவை அழுத்திப் பிடித்தாள். பென்சில் சுற்றி வந்தது. கத்தரி போனது. வெட்டிய காகிதத்தை அலீனா அப்படியே குப்புறத் திருப்பி ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தோல் வெட்டுற அட்டைய எங்கம்மி இப்டித்தான் திருப்பிப் போடுவாங்க."

சிவப்பு ஷூவுக்குப் பக்கத்தில், செய்தித்தாளில் ஒரு இடது கால். ஜோடி சேர்ந்துவிட்டது.

அவ்வளவுதான். ஆளாளுக்குச் செய்தித்தாளைப் பிடுங்கினார்கள். ஒருவர் அழுத்த வேண்டும், ஒருவர் வரைய வேண்டும். தனி ஆளால் ஆகாது.

"அலீனா, எங்கூட வா. நான்தான் புடிச்சேன்" என்றாள் நித்யஸ்ரீ.

"எங்கூட வா. என் ஷூல பெல்ட்டுலாம் இருக்குது" என்றான் தானியேல்.

"எங்கம்மிய இன்னா சொன்ன?"

"சும்மா சொன்னேன்... ஸாரி."

7.

வகுப்பில் இன்னமும் இருபத்தொரு பேர்தான். அலீனா யாரோடு போனாலும் ஒருவர் மிச்சம். அந்த ஒருவர் அழுதாலும் அழலாம்.

அலீனா கடைசியில் யாரோடு போனாள் என்பதையும் பூர்ணிமா சொன்னாள். எழுதவும் உட்கார்ந்தேன். முடியவில்லை. காரணம், அதற்கு முன்னால் நடந்த ஒன்று.

"பெல் அடிக்கப் போவுது அலீனா. யார் கூட? சீக்கிரம் சொல்லு" என்று பூர்ணிமா அவசரப்படுத்தினாள்.

அலீனா கத்தரியைக் கீழே வைத்தாள். நித்யஸ்ரீயைப் பார்த்தாள். தானியேலைப் பார்த்தாள்.

"இருங்க மிஸ். யோசிக்கிறேன்."

எத்தனை வெள்ளிக்கிழமை அவள் மற்றவர்களுக்காகக் காத்திருந்தாள்! இப்போது அவளை அவசரப்படுத்த நான் யார்? முடிவு வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், அலீனாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. நான் பேனாவை மூடிவிட்டேன். நித்யஸ்ரீ கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், தானியேல் சட்டை நுனியால் ஷூவைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். கொஞ்ச நேரம் நிற்கட்டும்.