நைகார்ட் வீட்டு மாடிப்படி

சமூகப் பணியாளர் உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஜூலை முதல் தேதியிலிருந்து, உரிமம் போதாதவர்கள் ஏறினால் ஹால்வர் மாவட்டத்து மாடிப்படிகள் நீண்டுகொண்டே போயின. சட்டம் பணியாளர்களை மூன்று நிலைகளாகப் பிரித்திருந்தது. இளநிலைப் பட்டம் மட்டும் பெற்ற முதல் நிலைக்காரர்கள் விண்ணப்பம் நிரப்பித் தரலாம், உதவிக்கு வழி சொல்லலாம். எந்த வீட்டிலும் சமையலறை மேசை வரை அவர்களுக்குத் தடையில்லை. முதுநிலைப் பட்டம் பெற்ற இரண்டாம் நிலைக்காரர்கள் ஆலோசனை தரலாம். கீழ்த்தளம் முழுவதும் அவர்களுக்குத் திறந்திருந்தது. மனநோயைக் கண்டறிந்து தனிப்பொறுப்பில் சிகிச்சை தருவது மூன்றாம் நிலைக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்று இரண்டாம் பிரிவு வரையறுத்தது. மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற அறைகள் பெரும்பாலும் மேலே இருந்ததால் மாடி அவர்களுடையதாயிற்று. மூன்றாம் நிலைக்காரர் ஒருவரின் மேற்பார்வை இருக்கும்வரை இரண்டாம் நிலைக்காரரும் ஏறலாம். அது இல்லாவிட்டால் படிகள் முடியாது. மாடியில்லாத டிரெய்லர் வீடுகளில் நடைவழி நீண்டு கடைசிப் படுக்கையறை தள்ளிப்போனது. எந்த உரிமமும் இல்லாமல் தன்னைச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், கதவின் குமிழ் கைக்கு அகப்படாமல் திங்கள் முதல் வியாழன் வரை ஒரு வீட்டு வாசலில் நின்றார். வீட்டுக்காரர்கள் மூன்று வேளையும் அவருக்குச் சாப்பாடு வெளியே கொண்டுவந்து கொடுத்தார்கள். மாவட்ட நில அளவையாளர் ஒரு படிக்கட்டை அளந்து பார்த்து, நாடா தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் சோயா விலை விழுந்ததுதான் ஊரில் பெரிய பேச்சாக இருந்தது.

சட்டம் வந்து ஒன்பதாவது வருடத்தில் மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு மூன்றாம் நிலைக்காரர்தான் இருந்தார். அவர் பெயர் வில்மா கிரண்டல், வயது எழுபத்தொன்று. அவருக்குக் கீழே மாரிட் ஹோவ்லண்ட் என்ற முப்பத்து மூன்று வயதுப் பெண் மூன்று வருடங்களாக வேலை பார்த்தாள். மூன்றாம் நிலைக்கு மூவாயிரம் மணி நேர மேற்பார்வைப் பணி வேண்டும். புதன்கிழமைதோறும் வில்மா அவளை ஒரு மணி நேரம் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார், பிறகு தாளில் கையெழுத்திடுவார். தேர்வை அவள் முந்தின வசந்தத்திலேயே எழுதித் தேறியிருந்தாள். டிசம்பர் கடைசியில் அவளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மட்டுமே மிச்சமிருந்தது. மாவட்டத்துப் பனி தள்ளும் வண்டியை ஓட்டும் அவள் கணவன் லாய்ட், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பதின்மூன்று கோடுகள் போட்டுவைத்தான், ஒவ்வொன்றாக அடிப்பதற்கு.

மாரிட்டின் பொறுப்பில் இருந்தவர்களில் ஆர்டிஸ் நைகார்டும் ஒருத்தி. ஆர்டிஸும் அவள் கணவர் டெல்மரும் முப்பத்தொரு வருடம் பால் பண்ணை நடத்தினார்கள். அக்டோபரில் அறுபத்திரண்டு மாடுகளும் இரண்டு லாரிகளில் ஏறிப் போயின. மறுநாள் விடியுமுன் நாலரை மணிக்கு ஆர்டிஸ் வழக்கம்போல எழுந்து, பூட்ஸ் மாட்டி, கொட்டகை வரை போய், திரும்பி வந்து மாடியேறிப் படுத்தாள். பிறகு இறங்கவில்லை. நவம்பரில் டெல்மர் தொண்ணூறு மைல் தள்ளியிருந்த பெரிய மருத்துவமனைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, மாத்திரையும் ஊரிலேயே சமூகப் பணியாளரைப் பார்க்கச் சொல்லி ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் மாரிட் போனாள். வில்மாவின் மேற்பார்வை இருந்ததால் படிகள் மற்ற எல்லோருக்கும்போல அவளுக்கும் பதின்மூன்றாகவே இருந்தன. ஆறாவது வாரம் ஆர்டிஸ் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். ஏழாவது வாரம், ஒரு கிழட்டு மாட்டின் குணத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினாள்.

ஜனவரி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாரிட் ஏறத் தொடங்கியபோது படிகள் முடியவில்லை. முதலில் தான்தான் எண்ணத் தவறிவிட்டதாக நினைத்தாள். முப்பது படி ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தாள். கீழே கூடத்துக் கம்பளம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கோட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு மறுபடி ஏறினாள். முக்கால் மணி நேரம் கழித்து டெல்மர் சூப் கிண்ணத்தோடு பின்னால் வந்தார்.

“ஏம்மா, இன்னும் இங்கேயேதான் நிக்கிறியா?”

“நிக்கல டெல்மர், ஏறிக்கிட்டுதான் இருக்கேன்.”

“அப்படியா. கொஞ்சம் ஒதுங்கிக்கோ, சூப் ஆறிடும்.”

அவர் அவளைத் தாண்டி பதினோரு எட்டில் மேலே போய்ச் சேர்ந்தார், சூப் குறையாத கிண்ணத்தோடு திரும்பி வந்தார். “நீ ஏறுற சத்தம் அவளுக்குக் கேக்குதாம். யாரோ ரொம்ப தூரத்துல நடந்து போறாங்கங்குறா,” என்றார். மாரிட் மேலே பார்த்துக் கூப்பிட்டாள். குரல் பாதி வழியில் களைத்துத் திரும்பி வந்தது.

காரணம் அன்று மாலையே தெரிந்தது. வில்மாவின் உரிமம் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியோடு காலாவதியாகியிருந்தது. இரண்டு வருடத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டிய அந்த உரிமத்துக்கு உரிம வாரியம் நினைவூட்டல் அனுப்பத்தான் செய்தது. அது அவருடைய பழைய பண்ணை வீட்டுத் தபால் பெட்டியில் பனிக்கடியில் கிடந்தது. செப்டம்பரில் அவர் ஊருக்குள் குடிவந்திருந்தார். “எல்லாருக்கும் புது விலாசம் குடுத்தேன்டி, எனக்கு முடி வெட்டுறவளுக்குக்கூடக் குடுத்தேன். வாரியத்துக்குக் குடுக்கல. எங்கிட்ட வேலை கத்துக்கிட்ட அத்தனை பேருக்கும் வருஷா வருஷம் இதைத்தானே சொல்லிக் குடுத்தேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டார். புதுப்பிக்க ஆறு வாரம் ஆகும். அதுவரை அவர் யாருக்கும் மேற்பார்வையாளர் இல்லை, சட்டப்படி சமூகப் பணியாளரே இல்லை. மறுநாள் அவரே நைகார்ட் வீட்டுக்குப் போய் நாற்பது நிமிடம் ஏறிப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதும், இரண்டாவது படியிலிருந்து டெல்மர் அவரைத் தூக்கி இறக்கினார். பக்கத்து மாவட்டங்களில் மூன்றாம் நிலைக்காரர்களிடம் பதினோரு வாரக் காத்திருப்பு. மாரிட் தினமும் தொலைபேசியில் டெல்மரிடம் கேட்டுக்கொண்டாள்: சாப்பிட்டாளா, தூங்கினாளா, என்ன பேசினாள். லாய்டின் கோடுகள் பதின்மூன்றும் அடிபடாமல் நின்றன.

வெள்ளிக்கிழமை காலை பனிப்புயல் தொடங்கியது. பத்து மணிக்கு டெல்மர் அவராகவே கூப்பிட்டார். குரலில் வெகு நாளைக்கப்புறம் சிரிப்பு இருந்தது.

“மாரிட், நல்ல சேதி சொல்றேன் கேளு. ஆர்டிஸ் இன்னைக்கு எழுந்து உக்காந்துட்டா! தலை வாரிக்கிட்டா. ராத்திரி பூரா முழிச்சிருந்து, கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டையெல்லாம் பெட்டியில கட்டி யார் யாருக்குன்னு பேரு எழுதி வெச்சிருக்கா. தங்கச்சிக்கு ஒண்ணு, சர்ச்சுக்கு ஒண்ணு. எங்கிட்ட, ‘நீ ரொம்ப நல்லவன் டெல்மர்’னா. நாப்பது வருஷத்துல சொன்னதே இல்ல தெரியுமா?”

இதைப் பற்றி மாரிட் தேர்வில் ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியிருந்தாள். திடீரென்று வரும் அமைதி, பொருள்களைப் பங்கிட்டுக் கொடுப்பது, நன்றி சொல்வது. இரண்டாம் நிலைக்காரர் இதற்குப் பெயர் சூட்டக் கூடாது. அவள் பெயர் சூட்டவில்லை.

“டெல்மர், நான் சொல்றதைக் கேளுங்க. வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துப் பூட்டி, சாவியை உங்க பாக்கெட்ல போட்டுக்கோங்க. அப்புறம் மேல போய் அவங்க பக்கத்துல உக்காருங்க. எதுக்காகவும் எழுந்திரிக்காதீங்க.”

“ஏன்? நல்லாத்தானே இருக்கா?”

“பயமா இருக்கு எனக்கு. போங்க.”

ரிசீவர் மேசைமேல் விழும் சத்தமும் மாடிப்படியில் ஓடும் சத்தமும் கேட்டன. அவள் அடுத்துக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ்காரர்கள், நெடுஞ்சாலை மூடிக் கிடக்கிறது, நாளை மதியத்துக்கு முன் வர முடியாது என்றார்கள். மாரிட் சட்டப் புத்தகத்தை எடுத்தாள். பதினோராம் பிரிவை யாரும் படிப்பதில்லை, தேர்விலும் கேட்பதில்லை. உறவினர், போதகர், அண்டைவீட்டார் ஆகியோர் சமூகப் பணியாளர் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளாமலும் ஊதியம் வாங்காமலும் ஒருவருக்கொருவர் துணையிருப்பதை இச்சட்டம் தடுக்காது என்று அது சொன்னது. உரிமம் வைத்திருப்பவர் தன் பொறுப்பிலிருக்கும் ஒருவருக்கு அண்டைவீட்டாராக முடியாது என்றும், ஒருமுறை அப்படி ஆனவர் பிறகு எக்காலத்திலும் அவருக்குப் பணியாளராக முடியாது என்றும் அடுத்த வரி சொன்னது. உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பவரின் மணிக்கணக்கு பூச்சியத்துக்குப் போகும். அவள் வில்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள்.

“மூணு வருஷம் போயிடும்,” என்றார் வில்மா.

“தெரியும்.”

“போகாதேன்னு நான் சொல்லல. போன்னும் சொல்லல. உனக்குப் புத்தி சொல்ல எங்கிட்ட இப்ப லைசென்ஸ் இல்ல.” ரிசீவருக்குள் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “வெறுங்கையோட போயிடாத. அண்டைவீட்டுக்காரி வெறுங்கையோட வரமாட்டா.”

மாரிட் சுவரிலிருந்து உரிமத்தை மரச்சட்டத்தோடு கழற்றி, பின்பக்க ஆணிகளை வெண்ணெய்க் கத்தியால் நெம்பி, தாளை வாரியத்தின் விலாசம் எழுதிய உறையில் போட்டாள். முந்தின நாள் இறைச்சியும் காய்கறியும் சேர்த்து ஓவனில் வேகவைத்த ஹாட்டிஷ் பாதி மிச்சமிருந்தது, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள் ஒரு பக்கம் கருகி. அதைத் துண்டில் சுற்றினாள். லாய்ட் பனி தள்ளும் வண்டியோடு வாசலுக்கு வந்தான்; வண்டியில் மூன்றாவதாக ஒருவரை ஏற்றக் கூடாது, உதவியாளன் லீவு என்பதால் அவள் இரண்டாவது ஆள்தான் என்று அவனே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். தபால் பெட்டியருகே நிறுத்தச் சொல்லி அவள் இறங்கினாள்.

“இதைப் போட்டுட்டா திருப்பி எடுக்க முடியாது, மாரிட்.”

“தெரியும்டா.”

“கோடெல்லாம் அழிச்சிடவா?”

“அழிக்காத. பக்கத்துல இடம் விட்டு வை. இன்னும் நிறைய போட வேண்டியிருக்கும்.”

ஆறு மைல் போக இரண்டு மணி நேரம் ஆனது. வழி முழுக்க ஒரே நினைப்பு அவளை அரித்தது: தபாலை இன்று யாரும் எடுக்கப்போவதில்லை, உறை பெட்டிக்குள் கிடக்கிறது, வாரியம் பெற்றுக்கொள்ளும்வரை மாடிப்படி அவளை யாரென்று எடுத்துக்கொள்ளும்? நைகார்ட் வீட்டுக் கூடத்தில் பூட்ஸைக் கழற்றும்போது அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டது. ஒரு காலில் பூட்ஸோடே ஏறினாள். எண்ணவில்லை, எண்ணப் பயமாக இருந்தது. பதினான்காவது படிக்காகக் காலைத் தூக்கி, அங்கே படி இல்லாததால் தடுமாறி, ஹாட்டிஷோடு மாடி நடையில் முழங்காலிட்டு விழுந்தாள்.

அறையில் டெல்மர் கட்டிலின் கால்மாட்டில், சொன்னபடி, பாக்கெட்டைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆர்டிஸ் தலை வாரி, சர்ச்சுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு போட்டிருந்தாள். மாரிட் நாற்காலியை இழுத்துப் போட்டு, “கடந்த இரண்டு வாரத்துல எத்தனை நாள்...” என்று பயிற்சியில் வந்த முதல் கேள்வியைத் தொடங்கினாள். கட்டில் டெல்மரோடும் பெட்டிகளோடும் ஒரு கஜம் பின்னால் போயிற்று. அவள் வாயை மூடிக்கொண்டாள். கட்டில் நின்றது.

“நீங்க செத்துப்போயிடுவீங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு, ஆர்டிஸ்,” என்றாள் பிறகு. “அதான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல.”

கட்டில் அசையவில்லை. ஜன்னலில் பனி அடித்துக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் தன் கைகளையே பார்த்தாள்.

“எனக்கும்தான்,” என்றாள்.

டெல்மர் என்ன என்பதுபோல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்தபோது, எழுந்திரிக்காதே என்று சொல்லியிருந்ததால், உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து மனைவியிடம் வந்து சேர்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாலரைக்குக் கால் தானாக எழுந்துகொள்கிறது, போக இடமில்லை என்று ஆர்டிஸ் சொன்னாள். அதையே இருபது விதமாகச் சொன்னாள். மாரிட் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. மத்தியானம் மூவரும் ஒரே பாத்திரத்திலிருந்து ஹாட்டிஷ் சாப்பிட்டார்கள். ஆர்டிஸ் மூன்று கரண்டி தின்றாள். “கருகியிருக்கு,” என்றாள். “ஆமா,” என்றாள் மாரிட். புயல் இரண்டு நாள் நீடித்தது. அவள் இரண்டு நாளும் அங்கேயே தரையில் படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாலை திறந்ததும் ஆர்டிஸ் தன் காலாலேயே இறங்கி வந்து காரில் ஏறினாள். மருத்துவமனையில் இந்த முறை ஏழு வாரம் வைத்துக்கொண்டார்கள். பெட்டிகளில் இருந்த பெயர்களை டெல்மர் ஒவ்வொன்றாகக் கிழித்தார்.

வாரியம் மாரிட்டின் உரிமத்தைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரியில் பதில் எழுதியது. அவள் ஒன்றரை வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள், பிறகு மறுபடி விண்ணப்பித்து முதல் மணியிலிருந்து தொடங்கினாள். அதற்குள் உரிமத்தைப் புதுப்பித்திருந்த வில்மா, அவளுடைய மூவாயிரமாவது மணி முடியும்வரை இடுப்பு வலியோடு ஓய்வைத் தள்ளிப்போட்டு, முடிந்த மறுநாள் ஓய்வு பெற்றார். நாற்பதாவது வயதில் மாரிட் மாவட்டத்தின் ஒரே மூன்றாம் நிலைக்காரர் ஆனாள். எல்லா வீட்டு மாடிகளும் அவளுக்கு உள்ளபடியே இருந்தன, நைகார்ட் வீட்டைத் தவிர. அங்கே விருந்தாளியாகப் போனால் படி பதின்மூன்று. டெல்மரின் கண் ஆபரேஷனுக்குப் பிறகு உதவியாளர் கேட்டுக் கொடுத்த விண்ணப்பம்போல அலுவலகக் காரியமாகப் போனால் முடிவே கிடையாது, கையில் காகிதம் ஒன்றே ஒன்று இருந்தாலும். அந்த விதியை மாற்றித் தரச் சொல்லி அவள் யாருக்கும் எழுதவில்லை. அப்படிப்பட்ட நாள்களில், “எங்கடி இருக்க?” என்று ஆர்டிஸ் மேலேயிருந்து கேட்பாள். “வந்துட்டே இருக்கேன்!” என்பாள் மாரிட். சற்றுப் பொறுத்து ஆர்டிஸ் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய இரண்டு கோப்பைக் காபியோடு இறங்கி வருவாள், அவளுக்கு அது பதினோரு படிதான். இருவரும் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை முடிப்பார்கள். டெல்மர் மாடிக்குப் போக வேண்டியிருந்தால், “ஒதுங்குங்கம்மா,” என்று அவர்களைத் தாண்டிப் போவார்.