கத்தாதேடா கிரீஷ்

மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டாம் மாடி கிரீஷ் நாளெல்லாம் தனக்குத்தானே பேசுகிறான் என்றால் சும்மா விடுவோமா? விபத்தில் மூளையும் கலங்கிவிட்டது என்று தண்ணீர் லாரி வருவதற்குள் முடிவாகிவிட்டது.

அந்தக் குரல் ஒரு காலத்தில் மந்தைவெளி வரை கேட்டது. பரீட்சை முடிந்த மதியங்களில் கீழே, கார் நிறுத்துமிடத்தில் கிரிக்கெட். ஆட்டத்தில் கிரீஷ் சுமார், வர்ணனையில் சூரன். பேட்டைப் பிடித்துக்கொண்டே தன் ஆட்டத்தைத் தானே வர்ணிப்பான். எதிர்வீட்டு விசாலாக்ஷி மாமியின் ஜன்னல் திறக்கும். "கத்தாதேடா கிரீஷ்!" மாமியின் வடாம் மேல் விழுந்த பந்து திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதெல்லாம் எவ்வளவு நல்ல மதியங்கள் என்று அப்போது யாருக்குத் தெரிந்தது?

கிண்டியில் பைக் சரிந்த பிறகு கிரீஷுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. மிஞ்சிய குரலால்தான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினான். அவன் சொல்லச் சொல்லத் திரையில் வரிகள் விழும். மாமி இதை நம்பவில்லை.

அன்று அவனுக்கு வேலைக்கான தேர்வு. குறித்த நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும். அவன் அப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். வெறுமனே சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு மாமி கேசரியோடு நுழைந்தாள். ஓடியாடிய குழந்தைக்கு இப்படி ஆயிற்றே என்று ஆரம்பித்து, கேரளத்து வைத்தியர், தன் முழங்கால் வலி என்று போய்க்கொண்டேயிருந்தாள். மைக் அத்தனையையும் கேட்டது. கிரீஷின் வரிகளுக்கு நடுவே கன்னாபின்னாவென்று எழுத்துகள் முளைத்தன.

"மாமி, இந்த மைக்தான் என் கை. நீங்க பேசறது என் கையப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. பாவம்னு சொல்ல நெறையப் பேர் இருக்கா. எனக்கு இந்த வேலை வேணும்."

மாமி விருட்டென்று வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கோபம்தான். ஆனால் உள்ளே, கெட்டுப்போன வரிகளை அழித்துவிட்டு அந்தக் குரல் மறுபடி தொடங்கியது. நிறுத்தி, நிதானமாக, பழைய வர்ணனையின் அதே தாளத்தில். மாமி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழ்வீட்டுக் கனகராஜ் சுவரில் ஆணி அடிக்க ஆரம்பித்ததும் இறங்கிப்போய் நிறுத்தச் சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் நிறுத்தினார்.

கடைசியில் மேலேயிருந்து கிரீஷின் கூச்சல். நேரத்துக்குள் முடித்துவிட்டான். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"இன்னா மாமி, நான் சொவத்துல ஆணி அடிக்கக் கூடாது, அவன் மட்டும் இப்டி கத்தலாமா?"

"கத்தட்டும். அப்ப அவன் வாய மூடச் சொன்னேன், இப்ப நாமதான் மூடிக்கணும். ஐயோ பாவம்னு போய் நிக்கறது ஒத்தாசை இல்ல, கனகராஜ். அவன் வேலைய அவன் பாக்கறதுக்கு வழிய விடறதுதான் ஒத்தாசை."