செல்லக்கிளி தூக்கிய முளைப்பாரி

என் மகள் செல்லக்கிளிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போயின. எண்பத்து நாலாம் வருடம் அவளுக்குப் பதினேழு வயது. இரும்பும் தோலும் வைத்த காலிப்பரைக் காலில் மாட்டி, கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டைகளை ஊன்றி நடப்பாள். சிலமலையிலிருந்து என்னோடு பஸ் ஏறிப் போடிக்கு வந்து, ஏலக்காய்க் கிட்டங்கியில் நாள் முழுக்கக் காயைத் தரம் பார்த்துப் பொறுக்குவாள். என் கையைவிட அவள் கை வேகம். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது.

போடியில் கால் கை முடியாதவர்களுக்கு மாதம் ஒருநாள் நடக்கும் முகாமுக்கு மதுரையிலிருந்து ஓர் அம்மா வருவார். முடியாதவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே செய்யப் பழக்குகிற தன் வேலைக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர் சொன்னார். அது எங்கள் வாயில் நுழையவில்லை. பயிற்சி டீச்சர் என்று கூப்பிட்டோம்.

"இவளுக்குத் தையல் மிசின் பழக்கிவிடுங்க டீச்சர்," என்றேன்.

டீச்சர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "வேலைதான் நாள் பூரா செய்யிறியே. வேலை முடிஞ்ச பிறகு என்ன செய்யணும்னு ஆசை?"

இந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை யாருமே கேட்டதில்லை. பெற்ற நானும்தான். அவளோ பதிலைக் கையில் வைத்திருந்தவள்போலச் சொன்னாள்.

"எங்கூர்ப் பிள்ளைகளோட முளைப்பாரி தூக்கணும்."

"முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதையாவுல்ல இருக்கு," என்று நான் சொல்லிவிட்டேன். பெற்ற வாய் சொல்கிற சொல்லா அது? இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எனக்குப் பயம், அதுதான் உண்மை. வருடா வருடம் விதை போட்டுத் தண்ணீர் தெளித்து வளர்ப்பது இவள். தூக்குவது என் அண்ணன் மகள் பொன்னுமணி. கோயிலிலிருந்து கண்மாய் போய்ச் சேரும்வரை பாரியை இறக்கக்கூடாது. கீழே விழுந்தால் ஊருக்கே ஆகாது என்பார்கள். மற்றப் பெண்கள் ஒரு கையால் பிடித்துக்கொள்வார்கள். இவளுக்கு இரண்டு கையும் கட்டையில் அல்லவா இருக்கும்?

டீச்சர் ஒருநாள் ஊருக்கே வந்து கோயிலிலிருந்து கண்மாய்வரை நடந்து பார்த்தார். மண்சட்டிக்குப் பதில் அடி அகலமான மூங்கில் கூடை, கனம் குறைய மண்ணைக் குறைத்து நிறைய வைக்கோல், தலைக்குப் பெரிய சும்மாடு என்று யோசனை சொன்னார். கூடையில் வளர்த்தாலும் முளைப்பாரிதானே? ஊரில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். நான் வாயைத் திறந்தேன், அவர்கள் மூடிக்கொண்டார்கள்.

நாலு மாதம் பழகினாள். முதலில் வெறுங்கூடை, பிறகு கைப்பிடி கைப்பிடியாக மணல். எத்தனை தடவை கொட்டியிருப்பாள்! அத்தனையையும் அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி கிளம்புவாள்.

இவ்வளவும் பார்த்த நாங்கள் ஒன்றை மறந்தோம். முளைப்பாரி வரும்போது வீட்டுக்கு வீடு தூக்கி வருகிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். மதுரைக்கார டீச்சருக்குத் தெரியாதது சரி. பிறந்ததிலிருந்து பார்க்கிற எனக்கு எங்கே போனது புத்தி? பிள்ளை பழகியதெல்லாம் காய்ந்த தரையில்.

திருவிழா அன்று முதல் வீட்டில் மொக்கம்மாள் குடத்தோடு நின்றாள். வரிசையாக ஒவ்வொருத்தி காலிலும் ஊற்றி வந்தவள், செல்லக்கிளியிடம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டு அடுத்தவளுக்குப் போனாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆனால் செல்லக்கிளி நின்றுவிட்டாள். பின்னால் இருபது பெண்களும் பாரியோடு நின்றார்கள்.

"பெரியம்மா, எனக்கு ஊத்தலையே?"

"இரும்பு துருப்பிடிச்சுரும்டி. தரை வேற வழுக்கும். நீ போ ஆத்தா."

"துருப்பிடிச்சா எண்ணெய் போட்டுக்கிறேன். எல்லாத்துக்கும் ஊத்திட்டு என்னைய மட்டும் விட்டா, நான் எதுக்கு இதைத் தூக்கிட்டு வர்றேன்?"

நான் கூடையைப் பிடிக்க ஓடினேன். "கிட்ட வராதம்மா," என்றாள், தலையைத் திருப்பாமலே. திருப்பினால் கூடை சரியும். பார்க்க வந்திருந்த டீச்சரும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

செல்லக்கிளி கட்டைகளை அகட்டி ஊன்றினாள். "இப்ப ஊத்துங்க பெரியம்மா. கட்டைக்கும் சேத்து ஊத்துங்க. அதுவும் எங்காலுதான்."

மொக்கம்மாள் குனிந்து இரண்டு காலுக்கும் இரண்டு கட்டைக்கும் ஊற்றினாள். பிள்ளை அடி எடுத்து வைத்ததும் வலது கட்டை ஒரு விரற்கடை வழுக்கியது. கூடை ஆடியது. எனக்கு உயிரே போய் வந்தது. அவள் கழுத்தை நிமிர்த்தி, கூடை ஆடி நிற்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு நடந்தாள்.

கண்மாய்வரை இன்னும் பதினைந்து வீடு. எந்த வீட்டிலும் அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாலு காலுக்கும் ஊற்றினார்கள். தேவாரம் ஊரிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த ஒருத்தி என் தோளைத் தொட்டு, "யாரு பிள்ளை அது?" என்றாள்.

"எம்பிள்ளை," என்றேன். அவள் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னேன்.